முதல் தடவையா பெண்ணுரிமைப் பேரணிக்குப் போறேன்: எங்க நடக்கணும், என்ன கொண்டு போகணும்?

கணக்குப்பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் நடக்கப்போற பெண்ணுரிமைப் பேரணிக்கு என்கூட வேலை பாக்குற ஒரு அக்கா கூப்பிட்டிருக்காங்க. இதுவரைக்கும் எந்த ஊர்வலத்துலயும் நான் நடந்ததில்ல. கூட்டம்னாலே ஒதுங்கிப் போற ஆள். கோஷம் போடச் சொன்னா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும்.

போகணும்னு தோணுறதுக்குக் காரணம் இருக்கு. நான் ஒரு கம்பெனியில சம்பளப் பட்டியல் போடுறவ. ஒரே பதவி, ஒரே வருஷம் சேர்ந்தவங்க, ஒரே வேலை. ஆனா ஆம்பளை பேருக்கு நேரா ஒரு தொகை, பொம்பளை பேருக்கு நேரா அதைவிடக் குறைச்சலா ஒரு தொகை. பிரசவ லீவு முடிஞ்சு வந்தவங்களோட சம்பளம் போன வருஷம் எங்க நின்னுச்சோ அங்கயே நிக்கும். மாசா மாசம் அந்த ஷீட்டை நானே போட்டு, நானே சரிபார்த்து, நானே மேல அனுப்புறேன். எனக்கே குறைச்சலாத்தான் வருதுன்னு தெரிஞ்சும் என் பேருக்கு நேரா உள்ள கட்டத்தையும் நானே நிரப்புறேன். வெளிய மூச்சு விட முடியாது.

சரி, சந்தேகத்துக்கு வர்றேன். போட்டோ பத்தித்தான் பெரிய பயம். மேனேஜர் கண்ணுல பட்டா என்ன ஆகும்? அப்புறம் என் பத்து வயசுப் பொண்ணு நானும் வருவேன்னு அடம் பிடிக்கிறா, கூட்டிட்டுப் போலாமா? தேதி பாத்தா அன்னைக்குப் பீரியட்ஸ் வேற வரும்போல இருக்கு, அவ்ளோ தூரம் நடக்கும்போது எப்படிச் சமாளிக்கிறது? வீட்டுக்காரர் வேண்டாம்னு சொல்லல. "போயிட்டு வா, ஆனா இதனால என்ன மாறிடப்போகுது"ன்னு கேட்டார். அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

ஓரத்துல நடக்குறவ:

போங்க கணக்குப்பிள்ளை, தாராளமா போங்க. நான் ரொம்ப வருஷமா பேரணிகள்ல தொண்டரா நிக்கிறவ. பளிச்சுனு ஒரு மேல்சட்டையை மாட்டிக்கிட்டு ஓரத்துலயே நடக்கிறதுதான் என் வேலை. மேடையில யார் என்ன பேசினாங்கன்னு கேட்டா முழிப்பேன். கழிப்பறை எங்க இருக்கு, எந்தச் சந்துல திரும்பினா வெளிய போலாம்னு கேளுங்க, தூக்கத்துலயும் சொல்லுவேன்.

எங்க நடக்கிறோம்ங்கிறதுலதான் பாதி சூட்சுமம். ஊர்வலத்தோட தலைப்பக்கம் இருக்கிறவங்க சீரா நடந்துட்டே இருப்பாங்க. கடைசியில இருக்கிறவங்க பாடு திண்டாட்டம். பத்து நிமிஷம் அசையாம நிப்பாங்க, திடீர்னு முன்னாடி இடம் விழும், ஓடுவாங்க, மறுபடி நிப்பாங்க. பிள்ளைங்க, மூட்டுவலிக்காரங்க எல்லாம் மெதுவா வரலாம்னு பின்னாடி போய் நிக்கிறாங்க, அங்கதான் கால் ஒடிஞ்சு போகும். பொண்ணைக் கூட்டிட்டு வந்தா முன் பாதியிலேயே சேர்ந்துக்கோங்க. ஆனா முதல் சில வரிசை வேண்டாம். பெரிய பேனர் அங்கதான் இருக்கும், கேமராவும் அங்கதான் இருக்கும். பறை, டிரம் அடிக்கிற குழு பக்கத்துலயும் போகாதீங்க, ரொம்பச் சிரிப்பு வர்ற மாதிரி தட்டி பிடிச்சிருக்கிற ஆள் பக்கத்துலயும் போகாதீங்க. போட்டோக்காரங்க தேடி வர்றது இந்த மூணையும்தான்.

அகலவாக்குல பாத்தா, வெளி ஓரத்துல இருந்து ரெண்டு மூணு ஆள் தள்ளி உள்ள நடங்க. வெளி வரிசைக்குத்தான் வேடிக்கை பாக்குறவனோட கமெண்ட்டும் வரும், சில நேரம் கையும் வரும். பெண்ணுரிமைப் பேரணியிலேயே இடிக்கிறவன் இருப்பானான்னு கேக்காதீங்க, இருப்பான். அப்படி ஏதாச்சும் நடந்தா சத்தமா சொல்லுங்க, உடனே பக்கத்துல இருக்கிற தொண்டரைக் கூப்பிடுங்க. "வந்த இடத்துல எதுக்குப் பிரச்சினை"ன்னு முழுங்கிட்டுப் போறவங்களால எங்களுக்கு அந்த ஆளைப் பிடிக்கவே முடியறதில்ல. ரொம்ப நடுவுலயும் மாட்டிக்காதீங்க, அவசரத்துக்கு வெளிய வர முடியாது.

கோஷம் வரலைன்னா விடுங்க. ஒருத்தர் முதல் அடியைச் சொல்வாங்க, மத்தவங்க கடைசி வார்த்தையைச் சொல்வாங்க. அது ரெண்டாவது தெரு தாண்டறதுக்குள்ள தானா வந்துடும். வராட்டியும் குத்தமில்ல. 1956 ஆகஸ்ட் 9, தென்னாப்பிரிக்காவுல கறுப்பினப் பெண்களும் ஊருக்குள்ள நடமாட அனுமதிச் சீட்டு வெச்சிருக்கணும்ங்கிற சட்டத்தை எதிர்த்து ஏறக்குறைய 20,000 பெண்கள் பிரிட்டோரியாவுல அரசு தலைமையகத்துக்குப் போனாங்க. லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ்னு நாலு பேர் முன்னால நின்னாங்க. பிரதமர் ஆள் இல்ல. கட்டுக்கட்டா மனுக்களை அங்க வெச்சுட்டு, அத்தனை பேரும் அரை மணி நேரம் வாயே திறக்காம நின்னாங்க. முதுகுல குழந்தையைக் கட்டிக்கிட்டு வந்தவங்க நிறைய. வாய் திறக்காம நின்ன அந்த அரை மணி நேரத்தைத்தான் இன்னைக்கும் பேசுறாங்க.

பீரியட்ஸ் பத்தி: கிளம்பறதுக்கு முன்னாடி மாத்திக்கோங்க, அடர் நிறத்துல உடுத்துங்க, கையில ரெண்டு மூணு நாப்கின், ஒரு பழைய பை, ஈர டிஷ்யூ. இது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேற. கழிப்பறை இருக்காதுன்னு பயந்து காலையில இருந்தே தண்ணி குடிக்காம வர்ற பொம்பளைங்க ஒவ்வொரு பேரணியிலயும் இருக்காங்க. மயங்கி விழறவங்கள்ல இவங்கதான் அதிகம், என் கண்ணால பாத்தது. தண்ணி குடிச்சுட்டு வாங்க. ஏற்பாடு பண்றவங்க வழித்தடம் அறிவிச்சதும், கழிப்பறை எங்கெங்கன்னு கேட்டு ஒரு மெசேஜ் போடுங்க. யாரும் கேக்காததாலதான் அவங்களுக்கும் ஞாபகம் வர்றதில்ல.

போன் விஷயம். கூட்டம் சேர்ந்தா நெட்வொர்க் படுத்துடும், வாட்ஸ்அப்பை நம்பி வராதீங்க. உங்க கூட வர்ற அக்காவோட நம்பரைப் பேனாவுல முன்கையில எழுதிக்கோங்க, பொண்ணு கையில உங்க நம்பரை எழுதுங்க. தொலைஞ்சா சந்திக்க ரெண்டு இடம் முடிவு பண்ணுங்க. ஒண்ணு வழியிலேயே, இன்னொண்ணு வழியை விட்டு நல்லா விலகி. ஏன்னா வழியே அடைபட்டுப் போற நாளும் உண்டு. கைரேகை, முகம் வெச்சுத் திறக்கிற லாக்கை அன்னைக்கு மட்டும் எடுத்துட்டு நம்பர் லாக் போட்டுக்கோங்க.

போட்டோ. மாஸ்க், தொப்பி, கூலிங்கிளாஸ் போட்டுக்கலாம். ஆனா முகத்தை மறைக்கத் தடை இருக்கிற இடங்களும் உண்டு, முன்கூட்டியே விசாரிங்க. கூட வர்றவங்ககிட்ட "என் முகம் இருந்தா ஸ்டோரி போடாதீங்க"ன்னு கிளம்பறப்பவே சொல்லிடுங்க. பத்திரிகைக்காரங்களால மாட்டுறதைவிட நம்ம தோழிங்க டேக் பண்ணி மாட்டுறதுதான் ஜாஸ்தி. இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்ல. 1907 பிப்ரவரி 9, லண்டன்ல வாக்குரிமை கேட்டு 3,000 பெண்களுக்கு மேல கொட்டுற மழையில ஹைட் பார்க் முனையில இருந்து நடந்தாங்க. பாவாடை விளிம்பெல்லாம் சேறாகி, சேற்று ஊர்வலம்னே பேர் வந்துடுச்சு. பெரிய இடத்துச் சீமாட்டிகளும் மில் தொழிலாளிகளும் ஒரே வரிசை. பொம்பளை தெருவுல ஊர்வலம் போறதே மானக்கேடுன்னு இருந்த காலம். தெரிஞ்சவங்க பாத்தா பேர் கெடும், வேலைக்கும் ஆபத்துன்னு தெரிஞ்சேதான் வந்தாங்க. நீங்களும் அப்படித் துணிஞ்சே ஆகணும்னு சொல்லல. வேலை போனா குடும்பம் தாங்காதுன்னா முகத்தை மறைச்சுக்கிட்டு வாங்க, ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

மருந்துப்பெட்டி:

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. நான் நர்ஸ், முதலுதவிக் குழுவுல வருவேன். ரெண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

முதல் விஷயம் நெரிசல். ஒரு சதுர மீட்டருக்குள்ள 5 பேருக்கு மேல நின்னா அந்த இடம் ஆபத்து. டேப் வெச்சு அளக்க வேண்டாம். நாலு பக்கமும் அடுத்தவங்க உடம்பு உங்க மேல பட்டுட்டே இருந்து, கையை மேல கொண்டுவர முடியலைன்னா தாமதம் ஆயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க. மாட்டிக்கிட்டா ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னாடி வெச்சுக்கோங்க, மூச்சு விட அந்த இடம்தான் உதவும். தள்ளுறதை எதிர்த்துத் தள்ளாதீங்க. அலை ஓயும்போது கூட்டம் போற போக்குலயே குறுக்குவாட்டமா ஓரத்துக்கு நகருங்க. சுவர், பேரிகேட் பக்கம் வேண்டாம். கீழ போன் விழுந்தா போனது போகட்டும், குனியவே கூடாது.

ரெண்டாவது கண்ணீர்ப்புகை. அமைதியா போற பேரணியில பெரும்பாலும் வராது. ஆனா காண்டாக்ட் லென்ஸ் போடுறவங்க அன்னைக்குக் கண்ணாடியில வந்துடுங்க. புகை வந்தா கண்ணைத் தேய்க்காம, காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கமா மேட்டுக்கு நகரணும். அந்தப் புகை காத்தைவிடக் கனம், பள்ளத்துல தங்கும். கண்ணைச் சுத்தமான தண்ணியில நிறைய நேரம் கழுவுங்க. பால் ஊத்தணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அதுல கிருமி உண்டு. ஆஸ்துமா இருந்தா இன்ஹேலர் பையில இல்ல, பாக்கெட்டுல.

பத்து வயசுக் குழந்தை பகல் நேரத்துல, அனுமதி வாங்கின பேரணிக்கு வரலாம்னுதான் நான் சொல்லுவேன். இருட்டினப்புறம் வேண்டாம். அவளே "போலாம்மா"ன்னு சொன்னா அந்த நிமிஷமே திரும்பிடணும், பேரணி முடிவுல பேச்சு இருக்குன்னு இழுக்கக் கூடாது.

வெட்டிப்பேச்சு:

யாரும் திட்டாதீங்க. கேள்வி கேட்ட தங்கச்சியோட வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. நானும் போயிருக்கேன். கத்தினோம், செல்ஃபி எடுத்தோம், சாயங்காலம் வீட்டுக்கு வந்து நானேதான் பாத்திரம் கழுவினேன். மறுநாள் ஆபீஸ்ல ஒரு மண்ணும் மாறல. ஊர்வலம் போனா மனசுக்கு ஆறுதல், அவ்ளோதான். ஆறுதலுக்கு எதுக்கு இத்தனை முன்னேற்பாடு?

ஓரத்துல நடக்குறவ:

ஊர்வலம் மட்டும் ஒண்ணையும் மாத்தாது, ஒத்துக்கிறேன். நான் மேல சொன்ன பிரிட்டோரியாவையே எடுத்துக்கோங்க. அத்தனை பேர் நின்னதுக்கு அப்புறமும் அனுமதிச் சீட்டு பெண்கள் கையிலயும் திணிக்கப்பட்டுச்சு. அந்தச் சட்டம் ஒழிஞ்சது 1986ல. முப்பது வருஷம்.

ஆனா ஐஸ்லாந்துல நடந்ததைப் பாருங்க, கணக்குப்பிள்ளைக்கு இது ரொம்பப் பொருந்தும். 1975 அக்டோபர் 24, அந்த நாட்டுப் பெண்கள்ல ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஆபீஸ் வேலை, வீட்டு வேலை, பிள்ளை பாக்குற வேலை எதையும் தொடல. தலைநகர் ரெய்க்யவிக்ல மட்டும் 25,000 பேர் கூடினாங்க. நாட்டோட மொத்த ஜனத்தொகையே அப்போ ரெண்டு லட்சத்துச் சொச்சம். வேலைநிறுத்தம்னு சொன்னா பாதிப் பேர் பயந்துடுவாங்கன்னு "பெண்களின் விடுப்பு நாள்"னு அறிவிச்சாங்க, அதனால எல்லாக் கட்சிப் பொம்பளைங்களும் வந்தாங்க. அடுத்த வருஷமே சமத்துவச் சட்டம் வந்துச்சு. 1980ல விக்டிஸ் ஃபின்பொகடோட்டிர்னு ஒரு பெண் அங்க ஜனாதிபதி ஆனாங்க. அப்பவும் சம்பளம் சமமாகல. 2018ல ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துச்சு: 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி சம்பளம் குடுக்கிறோம்னு நிரூபிச்சுச் சான்றிதழ் வாங்கணும். நிரூபிக்கிற பொறுப்பு கம்பெனிக்கு, புகார் குடுக்கிற பெண்ணுக்கு இல்ல. கணக்குப்பிள்ளை மாசாமாசம் போடுறாங்களே ஒரு ஷீட், அதை அங்க சட்டமே கொண்டு வா பாப்போம்னு கேட்டுச்சு. அப்பவும் போதலைன்னு 2023 அக்டோபர் 24 அன்னைக்கு மறுபடி ஒரு நாள் முழுக்க நிறுத்தினாங்க. அப்போ பிரதமரா இருந்த காத்ரின் யாகோப்ஸ்டோட்டிரும் வேலைக்குப் போகல.

1975க்கும் உங்க செல்ஃபிக்கும் என்ன வித்தியாசம்னா, அங்க அதுக்கு முன்னாடியே மாசக்கணக்கா உட்கார்ந்து பேசின குழுக்கள் இருந்துச்சு, மறுநாளும் இருந்துச்சு. நீங்க பேரணியில யார்கிட்டயாவது நம்பர் வாங்கினீங்களா? குத்திக்காட்டக் கேக்கல, நிஜமாத்தான் கேக்குறேன். பக்கத்துல மூணு மணி நேரம் நடந்த ஆள் எங்க வேலை பாக்குறாங்க, அவங்க சங்கம் எதுன்னு கேக்காம வந்தா, நீங்க சொல்ற ஆறுதல் மட்டும்தான் கையில மிஞ்சும்.

இன்னொண்ணு. ஏற்பாட்டாளர்கள் யாரை எங்க நிக்க வெக்கிறாங்கன்னு பாருங்க. 1913 மார்ச் 3, வாஷிங்டன்ல வாக்குரிமை ஊர்வலம். 5,000 பெண்களுக்கு மேல. ஆம்பளைக் கூட்டம் தெருவை அடைச்சு இடிச்சுத் தள்ளி அசிங்கமா பேசினாங்க, போலீஸ் கையைக் கட்டிட்டு நின்னுச்சு. நூறு பேர் வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அது கடைசியில செனட் விசாரணை வரைக்கும் போச்சு. எனக்கு மனசுல நிக்கிறது அதே நாள்ல நடந்த வேற ஒண்ணு. கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸை, அமெரிக்கத் தெற்கு மாநில வெள்ளைக்காரப் பெண்கள் முகம் சுளிப்பாங்கன்னு சொல்லிக் கடைசியில நடக்கச் சொன்னாங்க. அவர் ஒத்துக்கல. பாதி வழியில வேடிக்கை பாக்குறவங்க நடுவுல இருந்து இறங்கி வந்து, தன் இல்லினாய் மாநிலக் குழுவோடயே நடந்தார். இன்னைக்கும் வீட்டு வேலை செய்றவங்களும், துப்புரவுப் பணியாளர்களும், திருநங்கைகளும் வாலுக்குத் தள்ளப்படுற பேரணி உண்டு. அப்படிப் பாத்தா நான் ஏற்பாட்டாளர்கிட்டயே சண்டைக்குப் போவேன், போயிருக்கேன்.

வெட்டிப்பேச்சு:

நம்பர் வாங்கல. சரி, அந்தப் பாயின்ட்டை விட்டுக்குடுக்கிறேன். பாத்திரம் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே?

ஓரத்துல நடக்குறவ:

ஐஸ்லாந்துல அன்னைக்கு ஆம்பளைங்கதான் கழுவினாங்க. உங்க வீட்டுலயும் ஒரு நாள் விடுப்பு அறிவிங்க.

துணைக்கு வர்றவன்:

மனைவியோட போகலாமான்னு யோசிக்கிறேன். ஆண்கள் வந்தா சங்கடமா நினைப்பாங்களா?

ஓரத்துல நடக்குறவ:

பெண்கள் மட்டும்னு அறிவிச்சிருந்தா வராதீங்க தம்பி, அதுல விவாதம் வேண்டாம். இல்லைன்னா தாராளமா வாங்க. மெகாபோனை மட்டும் வாங்காதீங்க. உங்க மனைவியை "பத்திரமா" ஓரம் கட்டி, ரெண்டு கையையும் விரிச்சுட்டு நடக்க வேண்டாம், அது பின்னாடி வர்ற பத்து பேருக்குத் தடை. அங்க நிஜமா ஆள் குறையற வேலை என்னன்னா, பேரணி முடியற இடத்துல பிள்ளைங்களைப் பாத்துக்கிறது, பைகளுக்குக் காவல், கடைசியில குப்பை பொறுக்கிறது. கணக்குப்பிள்ளை, உங்க வீட்டுக்காரரை அந்த முடிவு இடத்துல நிக்கச் சொல்லுங்க. பொண்ணுக்குக் கால் வலிச்சா அவர்கிட்ட ஒப்படைக்கலாம், அவர் கேட்ட கேள்விக்குப் பதிலையும் அவரே நேர்ல பாத்துக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு தடவை படிச்சுட்டேன். போறதுன்னு முடிவு. அவர் முடியற இடத்துக்கு வர்றேன்னுட்டார், பொண்ணு வர்றா. நான் மாஸ்க்தான், இங்க தடை இல்லைன்னு விசாரிச்சாச்சு. தட்டியில "சம்பளப் பட்டியலை நான் பாத்திருக்கேன்"னு எழுதலாம்னு இருக்கேன், கீழ ரெண்டு பதவிக்கு உள்ள வித்தியாசத்தைச் சதவீதமா போட்டு. கம்பெனி பேர் போடமாட்டேன். எப்படி இருக்கு?

ஓரத்துல நடக்குறவ:

வாசகம் பிரமாதம். அதனாலதான் வேண்டாங்குறேன். தெருவுல அந்த ஒரு தட்டியைத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. மாஸ்க் போட்டாலும் பட்டியல் போடுற பொண்ணு யாருன்னு உங்க ஆபீஸ்ல கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. ரகசியத்தை வெளியிட்டீங்கன்னு உங்களை அனுப்புறதுக்கு நீங்களே காரணத்தை எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். அந்தச் சதவீதத்தை நீக்கிடுங்க, பட்டியல்ங்கிற பேச்சையும் எடுத்துடுங்க. ஷீட்டைப் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வர்ற யோசனை இருந்தா அதுவும் வேண்டாம்.

உங்க சொந்தச் சம்பளத்தை நீங்க இன்னொருத்தர்கிட்ட சொல்றது வேற விஷயம். பல நாடுகள்ல அதைத் தடுக்க முடியாதுன்னே சட்டம் இருக்கு, உங்க ஊர் நிலவரத்தைத் தொழிலாளர் சட்டம் தெரிஞ்ச வக்கீல்கிட்டயோ சங்கத்துலயோ கேளுங்க. பேரணிக்குக் கூப்பிட்ட அந்த அக்காவும் உங்க கம்பெனிதானே? நடக்கும்போது அவங்களே தன் சம்பளத்தைச் சொல்லட்டும், நீங்க உங்களோடதைச் சொல்லுங்க. இன்னும் நாலு பேர் இப்படி அவங்கவங்க தொகையைச் சொன்னாலே போதும், உங்க ஷீட்டை யாரும் தொட வேண்டியதில்ல. சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்ங்கிறது 1951லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒப்பந்தமாவே போட்டது, 100ஆவது ஒப்பந்தம். சங்கத்துல பேசும்போது அந்த எண்ணைச் சொல்லுங்க.

தட்டிக்கு "சம வேலைக்குச் சம சம்பளம்" போதும், பழசா இருந்தாலும் பரவாயில்ல. ரெண்டு பக்கமும் எழுதுங்க, எழுத்து உள்ளங்கை அளவாவது இருக்கணும். மரக்குச்சி வேண்டாம், பல இடங்கள்ல போலீஸ் வாசல்லயே பிடுங்கிடுவாங்க. துணி சுத்தி வர்ற அட்டைக்குழல் கிடைச்சா அதுல ஒட்டிடுங்க.

மருந்துப்பெட்டி:

மார்க்கர் வாங்கும்போது தண்ணியில கரையாததா பாத்து வாங்குங்க. அப்புறம் புதுச் செருப்பு மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்க, பிளாஸ்டர் ஒட்டியே என் பெட்டி காலியாகுது.